மக்காச்சோளக் கட்டையிலிருந்து ஃபர்ஃபுரால் வடிக்கும் முறை

மணி உதிர்த்தபின் அடுப்புக்குப் போகும் மக்காச்சோளக் கட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்த தாவரப் பொருளான ஹெமிசெல்லுலோஸ். அமில வினையூக்கி அதை முதலில் சைலோஸ் என்னும் சர்க்கரையாக உடைக்கிறது. பின்னர் அதே அமிலம் ஒவ்வொரு சைலோஸ் மூலக்கூறிலிருந்தும் மூன்று நீர் மூலக்கூறுகளை நீக்க, ஃபர்ஃபுரால் என்னும் எண்ணெய் போன்ற திரவம் உருவாகிறது. வார்ப்பட ஆலைகளின் மணல் அச்சை இறுக்கும் ஃபியூரான் பிசினுக்கு மூலப்பொருளான இது, பெட்ரோலியத்திலிருந்து அல்லாமல் இன்றும் பயிர்க் கழிவிலிருந்தே வருகிறது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் ஓட்ஸ் உமியைக் கொண்டு இதன் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கியது.

கல்லூரி ஆய்வகத்தில் செய்வோர் உலர்ந்த கட்டையை நொய்யளவுக்கு உடைத்து, 150 கிராம் எடுத்து, 2 லிட்டர் உருண்டைக் குடுவையில் இட வேண்டும். 10 சதவீதக் கந்தக அமிலம் 500 மில்லிலிட்டரும் சாதாரண உப்பு 200 கிராமும் சேர்க்க வேண்டும். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தையே நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். ஒருபோதும் மாற்றி ஊற்றக் கூடாது. ஃபர்ஃபுரால் நச்சுத்தன்மை கொண்டது, தோல் வழியாகவும் உடலில் ஏறக்கூடியது என்பதால், கையுறையும், நச்சாவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடும் இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம்.

குளிர்விப்பானைப் பொருத்திக் கொதிக்க விட்டால், தனியே 162 டிகிரியில் கொதிக்கும் ஃபர்ஃபுரால், நீராவியோடு சேர்ந்து 98 டிகிரிக்கு அருகிலேயே வெளியேறும். இந்த முறையின் உயிர்நாடி இதுதான்: உருவான ஃபர்ஃபுரால் சூடான அமிலத்தில் தங்கினால் சைலோஸோடும் தன்னோடும் வினைபுரிந்து கரும் பிசினாகிவிடும், ஆகவே அது பிறந்தவுடன் வெளியே போக வேண்டும். உப்பு அதை நீரிலிருந்து விரட்டி ஆவியாகத் துணைசெய்கிறது. மெல்லக் கொதிக்க வைத்தால் போதும் என்று எண்ணித் தீயைக் குறைப்பவர்களே பெரும்பாலும் விளைச்சலை இழக்கிறார்கள்.

வடிநீரைப் பிரிபுனலில் பிடித்தால், முதலில் பால்போல் கலங்கி, பிறகு எண்ணெய்த் துளிகள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கித் தேங்குவதைக் காணலாம். மேலே நிற்கும் நீரில் ஏறத்தாழ 8 சதவீத ஃபர்ஃபுரால் கரைந்திருப்பதால், அதைக் கொட்டாமல் குடுவைக்கே திருப்பி ஊற்ற வேண்டும். பல மணி நேரம் கழித்து, புதிய துளிகள் இறங்குவது நின்றதும் அடுப்பை அணைக்கலாம். 16 முதல் 20 கிராம் வரை கிடைத்தால் அது நல்ல விளைச்சல். கோட்பாட்டளவில் ஏறத்தாழப் பாதி அது.

கந்தக அமிலத்துக்குப் பதிலாக ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்) போன்ற திண்ம அமிலங்களையும் பயன்படுத்தலாம். அவற்றை வடிகட்டி மீட்க முடியும். நுண்துளைகளில் படியும் கரியைக் காற்றில் சூடாக்கி எரித்து அகற்றவும் முடியும். எனினும் கட்டைத் தூளோடு கலந்த திண்மத்தைப் பிரிப்பது கடினம் என்பதால், அவற்றைத் தூய சைலோஸ் கரைசலில் முதலில் சோதிப்பதே சரி.

கிடைத்த ஃபர்ஃபுராலைக் குறைந்த அழுத்தத்தில் மீண்டும் வடித்தால் நிறமற்றதாகும். காற்றுப்பட்டால் அது விரைவில் பழுப்பாகிக் கருக்கும். எனவே நைட்ரஜன் நிரப்பிய பழுப்புப் புட்டியில், இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.