புது எலக்ட்ரிக் லோக்கல் ட்ரெயின் விடும்போது பண்ணக்கூடாத தப்புங்க

புது ரேக் (ஒரு வண்டிக்கான மொத்தப் பெட்டிங்களும் சேந்த செட்) வருதுன்னாலே நம்மாளுங்க பேச்சு பூரா வண்டியைப் பத்திதான் இருக்கும், ஏசி இருக்கா, கதவு தானா மூடுமா, எத்தனை ஸ்பீடு போகும், யாரு கொடி ஆட்டுறாங்க. ஆனா இந்த மாதிரி வண்டிங்க சொதப்புன கதைங்களை எடுத்துப் பாருங்க, நிறைய இடத்துல வண்டி மேல தப்பே இருக்காது. லைன், டைம்டேபிள், டிக்கெட் ரேட், ஏறப்போற கூட்டம், இதுல ஏதோ ஒண்ணை யாரோ பாக்காம விட்டிருப்பாங்க. இதுக்கு மும்பை ஏசி லோக்கலை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. பண்ணக்கூடாததும் அதுல இருக்கு, அப்புறம் திருத்திக்கிட்டதும் இருக்கு.

நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில செஞ்ச வண்டி அது. 2016 ஏப்ரல்ல மும்பை குர்லா கார் ஷெட்டுக்குப் போய்ச் சேந்துச்சு. போனதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, மும்பை லோக்கலை ஓட்டற ரெண்டு ரயில்வேல ஒண்ணான சென்ட்ரல் ரயில்வேல, குர்லாவுக்கும் சிஎஸ்டி டெர்மினஸுக்கும் (இப்போ சிஎஸ்எம்டி) நடுவுல வெள்ளைக்காரன் காலத்து ஓவர்பிரிட்ஜுங்க சிலது ரொம்பத் தாழ்வா இருக்கு, புது வண்டி வழக்கமான லோக்கலை விடக் கொஞ்சம் உயரம், சென்டிமீட்டர் கணக்குதான் வித்தியாசம், ஆனா மேல 25,000 வோல்ட் ஒயர் போகுதே, அதுக்கும் வண்டிக் கூரைக்கும் பாலத்துக்கும் நடுவுல இவ்ளோ இடைவெளி இருந்தே ஆகணும்னு கணக்கு இருக்கு, அதுல போய் கை வைக்க முடியாது. கடைசில வண்டியை இன்னொண்ணான வெஸ்டர்ன் ரயில்வேக்குத் தள்ளிவிட்டு, 2017 டிசம்பர் 25ந்தேதிதான் ஜனங்க ஏறுனாங்க. வந்து ஒன்றரை வருஷத்துக்கும் மேல. அதுக்கப்புறம் உயரத்தைக் குறைச்ச ரேக் செஞ்சு, சிஎஸ்டி–கல்யாண் மெயின் லைன்ல ஏசி லோக்கல் ஓடுனப்ப 2020 டிசம்பர் ஆயிடுச்சு.

சரி நம்ம ஊர்லதான் இப்படின்னு நினைக்காதீங்க. பிரான்ஸ்ல 2014ல தெரியவந்த கூத்து இன்னும் பெருசு, புது வண்டியோட அகலம் பழைய ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்கு ஒத்துவரலன்னு சுமார் 1,300 பிளாட்பாரத்தோட ஓரத்தை செதுக்க வேண்டி வந்துச்சு, 5 கோடி யூரோ செலவு. காரணம் கேட்டா சிரிப்பு வரும், முப்பது வருஷத்துக்குள்ள கட்டுன பிளாட்பாரத்தோட அளவை மட்டும் வெச்சு ஆர்டர் குடுத்திருக்காங்க, அதை விடப் பழசு ஏராளமா இருக்குன்னு யாருக்கும் தோணல. ஸ்பெயின்ல 31 வண்டிக்கு 2020ல ஆர்டர், மலைப்பகுதி சுரங்கத்துக்குள்ள அந்த அளவுக்கு வண்டி நுழையாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அங்க வண்டியைக் கட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டதால பணம் தப்பிச்சுது, ஆனா வருஷக்கணக்குல லேட்டு, 2023ல ரயில் கம்பெனி தலைவர் ராஜினாமா. அதனால டெண்டர் போடுறதுக்கு முன்னாடி, ஆபீஸ் ஃபைல்ல இருக்கற டிராயிங்கை நம்பாம, ஆளு லைன்ல நடந்து போய் ஒவ்வொரு பாலம், ஒவ்வொரு வளைவு, ஒவ்வொரு பிளாட்பாரமா அளக்கணும். டிராயிங் போட்டதுக்கு அப்புறம் ஜல்லி கொட்டிக் கொட்டி தண்டவாளமே மேல ஏறியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத விஷயமும் ஒண்ணு இருக்கு, சிக்னல். சான் பிரான்சிஸ்கோ–சான் ஹோசே நடுவுல ஓடற கால்ட்ரெயின் டீசல்ல இருந்து எலக்ட்ரிக்குக்கு மாறுனப்ப, லெவல் கிராஸிங் கேட்டை மூடச் சொல்ற பழைய கருவி 25 கிலோவோல்ட் லைனுக்குக் கீழ சரியா வேலை செய்யாதுன்னு அதுக்கு வேற ஏற்பாடு பண்ண வேண்டி வந்துச்சு, அந்த ப்ராஜெக்ட் இழுத்ததுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா அவங்க ஒண்ணு உருப்படியா பண்ணாங்க. 2024 ஆகஸ்ட்ல கொஞ்சம் வண்டியை மட்டும் டீசல் வண்டிங்களோட கலந்து ஓடவிட்டாங்க, அப்புறம் செப்டம்பர் 21ல முழு டைம்டேபிளையும் மாத்துனாங்க. வண்டி சீக்கிரம் பிக்கப் ஆகுதுன்னா அந்த மிச்சமாகற நிமிஷம் டைம்டேபிள்ல தெரியணும், இல்லன்னா எதுக்கு புது வண்டி.

ஒரே ஒரு ரேக்கை வெச்சு திறப்பு விழா நடத்துறது இன்னொரு வியாதி. மும்பைல ஆரம்பத்துல அப்படித்தான், திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் ஒரு நாளைக்கு 12 டிரிப், சனி ஞாயிறு மெயின்டனன்ஸ். நடுவுல ரேக் படுத்துட்டா சாதா லோக்கல் வரும், ஏசி சீசன் எடுத்தவன் நிலைமையை நினைச்சுப் பாருங்க, மாசத்துக்கு முன்பணம் கட்டிட்டு வியர்வையோட தொங்கிட்டுப் போவான். ஸ்பேர் ரேக் கையில இல்லாம சீசன் டிக்கெட் விக்கவே கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன். சென்னைல 2025 ஏப்ரல் 19ல பீச்–செங்கல்பட்டு ஏசி வண்டி ஆரம்பிச்சப்பயும் ஒரே ரேக்தான், அதோட டைமிங் வேற இடிச்சுது, செங்கல்பட்டுலேர்ந்து காலைல 9 மணிக்குக் கிளம்புனா பீச் வர்றதுக்குள்ள பத்தரை, எந்த ஆபீஸ்ல விடுவான்? ஜனங்க கத்துனதுல மே 2லேர்ந்து டைமிங் மாத்தி டிரிப்பையும் கூட்டுனாங்க. ரெண்டே வாரத்துல மாத்துனது நல்ல விஷயம், ஆனா அதை முன்னாடியே தாம்பரம் பிளாட்பாரத்துல நாலு பேரைக் கேட்டிருந்தா போதுமே.

டிக்கெட் ரேட் பத்தி நீளமா சொல்ல வேண்டியதில்ல. மும்பைல ஏசி லோக்கலுக்கு மினிமம் 65 ரூபா இருந்த வரைக்கும் சாதா வண்டில நசுங்கிட்டுப் போறான், ஏசி வண்டில இடம் கிடக்கு. 2022 மே 5ல அதை 30 ரூபாயாக்குனாங்க, கூட்டம் தானா வந்துச்சு.

கூட்டம் வந்ததும்தான் பெரிய தப்பு நடந்துச்சு. பாதையில இடம் இல்ல, பீக் அவர்ல மூணு நாலு நிமிஷத்துக்கு ஒரு வண்டி, அதுக்கு மேல சொருக முடியாது, அதனால புது ஏசி வண்டி விடணும்னா ஓடிட்டிருக்கற சாதா லோக்கலைத் தூக்கிட்டு அந்த டைம்லதான் விடணும். 2022 ஆகஸ்ட்ல சென்ட்ரல் ரயில்வே 10 ஏசி டிரிப் சேத்துச்சு. மும்பை பக்கத்துல கல்வா ஸ்டேஷன்கிட்ட ஜனங்க தண்டவாளத்துல இறங்கி ஏசி வண்டியை மறிச்சாங்க, பத்லாபூர்லயும் கூட்டம் கூடி சத்தம் போட்டாங்க, ஒரு வாரத்துல, ஆகஸ்ட் 25லேர்ந்து, அந்த 10 டிரிப்பையும் வாபஸ் வாங்கிட்டாங்க. அங்க சாதா லோக்கல்ல பீக்ல ஒரு சதுர மீட்டருக்கு 14லேர்ந்து 16 பேர் நிக்கறாங்க, ரயில்வே பாஷைல சூப்பர் டென்ஸ் க்ரஷ் லோடு. அப்படிப்பட்ட ஒரு வண்டியைத் தூக்குனா அத்தனை பேரும் அடுத்த சாதா வண்டி வாசல்லதான் வந்து தொங்குவான், ஏசில ஏற மாட்டான், ஏன்னா அவன் கையில இருக்கற செகண்ட் கிளாஸ் சீசன் அதுல செல்லாது. கணக்குல பாத்தா இது கூடுதல் வசதி, பிளாட்பாரத்துல நிக்கறவனுக்கு இது ஒரு வண்டி கேன்சல்.

கதவைச் சொல்லாம விட்டா இந்தப் பேச்சு முடியாது. திறந்த வாசல் லோக்கல் ஸ்டேஷன்ல 20, 30 செகண்டுதான் நிக்கும், வண்டி நகர ஆரம்பிச்சப்பறமும் ஏறுவாங்க. தானா மூடுற கதவுல அது நடக்காது, ஒருத்தன் பையோ முதுகோ மாட்டிக்கிட்டா கதவு சாத்தாது, கதவு சாத்தாம வண்டி கிளம்பாது, பின்னாடி வர்ற வண்டி எல்லாம் சிக்னல்ல நிக்கும். காலியான ரேக்கை வெச்சோ, மணல் மூட்டை ஏத்தியோ பண்ற டிரையல்ல பிரேக் எப்படிப் பிடிக்குது, வண்டி எவ்ளோ ஆடுதுன்னு தெரியும், இது தெரியாது, மணல் மூட்டை தாதர் மாதிரி நெரிசல் ஸ்டேஷன்ல இறங்கறதுக்கு முண்டியடிக்காது. டைம்டேபிள் போடுறவங்க ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கூட ஒரு பத்து செகண்டாவது வெக்கணும், மோட்டார்மேனுக்கும் (வண்டி ஓட்டறவர்) கார்டுக்கும் பீக் அவர் கூட்டத்தோட பழக டைம் குடுக்கணும்.

அதுக்காக கதவே வேணாம்னு சொல்ல முடியாது. 2025 ஜூன் 9ல மும்பைக்குப் பக்கத்துல மும்ப்ரா ஸ்டேஷன்கிட்ட எதிரெதிரா போன ரெண்டு லோக்கல்ல ஃபுட்போர்டுல தொங்குனவங்க கீழ விழுந்து உயிர் போச்சு. அதுக்கப்புறம் ஏசி இல்லாத லோக்கலுக்கும் ஆட்டோமேட்டிக் கதவு வெக்கறோம்னு ரயில்வே சொல்லிச்சு, சும்மா கதவை மட்டும் மாட்டுனா உள்ள மூச்சு முட்டும்கறதால கதவுலயே காத்து போற மாதிரி பட்டை, கூரை மேல வெளிக்காத்தை உள்ள தள்ளுற யூனிட், கூட்டம் பிரிஞ்சு நிக்க ஒரு பெட்டிலேர்ந்து அடுத்த பெட்டிக்குப் போற வழி, இந்த மூணும் வரும்னாங்க. டிசைன் சரிதான். ஆனா இதுவும் பழைய டைம்டேபிள்ல, அதே 20 செகண்டு ஸ்டாப்பிங்ல ஓடப்போகுதுன்னா முதல் நாள் காலைல எட்டரை மணிக்கே தாணேல ஜாம் ஆயிடும்.