பலூனுக்கு இடம் விட்டு வரையுங்கள்: சொந்தமாக காமிக்ஸ் போடுவோர் செய்யும் தவறுகள்

சொந்தக் காசில் தமிழ் காமிக்ஸ் கொண்டுவரும் பலர் ஓவியத்துக்கு மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, வசனத்தைப் பிரஸ்ஸுக்கு அனுப்புவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் படிக்கிறவர் அங்கேதான் தடுக்கி விழுகிறார். 'சொல்லிக்கொண்டிருந்தானே' என்ற ஒற்றைச் சொல் போதும், ஒரு சின்ன பலூனின் (வசனம் எழுதும் குமிழின்) அகலம் மொத்தமும் காலி. முத்து காமிக்ஸ் 1972-லும் லயன் காமிக்ஸ் 1984-லும் சிவகாசியிலிருந்து வர ஆரம்பித்தபோது வெளிநாட்டுக் கதைகளில் ஏற்கெனவே வரைந்திருந்த பலூன்களுக்குள் தமிழை அடைக்க வேண்டிய கட்டாயம் இருந்தது, சரி. பலூனையும் நீங்களே வரையும்போது உங்களுக்கு என்ன கட்டாயம்? பென்சில் கட்டத்திலேயே வசனத்தை எழுதிப் பாருங்கள். முதலில் பேசுகிறவரை இடது பக்கம் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பேசுகிறவரைக் காட்டும் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும்.

அப்புறம் ஃபோட்டோஷாப். பழைய பதிப்புகளில், டைப் அமைப்பில் 'வேர்ல்டு ரெடி' லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்காமல் யூனிகோட் தமிழை ஒட்டினால், 'பெண்' என்பதில் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்தின் கருப்பையும் பாருங்கள். திரையில் ஒன்றும் தெரியாது, ஆனால் அது நான்கு மைகளும் கலந்த கருப்பாக இருந்து, அச்சில் ஒரு மையின் தகடு இம்மி நகர்ந்தாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்போ நீலமோ ஒரு நிழல் விழும். வசனம் கருப்பு மை ஒன்றில் மட்டும், நூறு சதவீதம்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, 'கதவைத் திறந்து, உள்ளே வந்து, கடிதத்தைப் பார்த்துத் திடுக்கிடுகிறான்' என்று ஒரே பேனலுக்கு (ஒரு படக் கட்டத்துக்கு) எழுதுவது. ஓவியர் இதில் எதை வரைவார்? ஒரு பேனலில் ஒரு கணம்தான் நிற்கும். அதிர்ச்சியை வலது பக்கத்தில் வைப்பதும் வீண், பக்கத்தைப் புரட்டியதுமே, இடது பக்கத்தைப் படிக்கும் முன்பே, கண் அதைத் திருடிவிடும்; புரட்டியவுடன் வரும் இடது பக்கத்துக்கு, அதாவது இரட்டைப்படை எண் பக்கத்துக்கு, அதைத் தள்ளுங்கள். நடு மடிப்பில் சென்டர் பின் அடிக்கும் புத்தகம் என்றால் மொத்தப் பக்கம் நான்கின் மடங்கில் வர வேண்டும். 30 பக்கத்தில் கதையை முடித்துவிட்டு மிச்சம் இரண்டு பக்கத்தை என்ன செய்வது என்று பிரஸ்ஸில் நின்று யோசிக்காதீர்கள்.

ஓவியர் நண்பர்தானே என்று வாய்ப்பேச்சோடு விடுவதும் நடக்கிறது. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருஷம், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். ஆறாவது வருஷம் யாராவது அதைப் படமாக்கக் கேட்டு வரும்போதுதான் நட்பு முறியும்.

விலையை அச்சுச் செலவை மட்டும் பார்த்து வைக்காதீர்கள். 100 ரூபாய் புத்தகத்தைக் கடைக்கு 35 சதவீதக் கழிவில் கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 65. அச்சுக்கே 60 போயிருந்தால் மிச்சம் ஐந்து ரூபாயில் ஓவியருக்கு எவ்வளவு, கூரியருக்கு எவ்வளவு? முன்பதிவு வாங்கி, எத்தனை பேர் நிஜமாகவே காசு கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அதற்குக் கொஞ்சம் மேலே மட்டும் அச்சடியுங்கள். ஆயிரம் அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும் என்று பிரஸ்காரர் சொல்வார். அவர் சொல்வது நிஜம்தான், ஆனால் விற்காத எழுநூறு பிரதிகள் உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும், அவருடைய வீட்டில் அல்ல.