கலங்கிய நீரால் கூடிய குரோமியம்

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்பகுதிக்கு அருகே இருந்த ஒரு கண்காணிப்புக் கிணற்றில் நான் எடுத்த நிலத்தடி நீர் மாதிரிகள், ஒரே வாரத்துக்குள் ஒன்றுக்கொன்று பொருந்தாத குரோமிய அளவுகளைக் காட்டின. ஆய்வகத்தின் மீதுதான் முதலில் சந்தேகப்பட்டேன். பிழையோ என் கையில் இருந்தது.

கிணற்றின் இரண்டு அங்குலக் குழாய்க்குள் பெய்லரை (கயிற்றில் கட்டி இறக்கி நீர் மொள்ளும் குறுகிய குழாய்க் கலம்) தொப்பென்று விட்டு இழுத்ததில் அடியில் படிந்திருந்த வண்டல் கலங்கி, நீர் தேநீர் நிறத்தில் வந்தது. அதை வடிகட்டாமலேயே, உலோகம் புட்டியில் படிந்துவிடாமலிருக்க வழக்கமாகச் சேர்க்கும் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்து பிஎச் அளவை 2-க்குக் கீழே கொண்டுவந்தபோது, களிமண் துகள்களில் ஒட்டியிருந்த குரோமியமும் கரைந்து, நீரில் ஏற்கெனவே கரைந்திருந்ததாகக் கணக்கில் ஏறிவிட்டது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை வரம்பே லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான்; சிறிதளவு வண்டலே முடிவைப் புரட்டிவிடும்.

நீர்மட்டம் 5 மீட்டர் ஆழத்திலேயே இருந்ததால், மறுமுறை, மேலிருந்தபடியே குழாய் வழியாக நீரை உறிஞ்சும் பெரிஸ்டால்டிக் பம்பைக் கொண்டு நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் வீதம் மெதுவாக இறைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிஎச், மின்கடத்துதிறன், கலங்கல் ஆகியவற்றைக் குறித்து, தொடர்ந்து மூன்று அளவீடுகள் நிலைத்த பிறகே, 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாகப் புட்டியை நிரப்பி அமிலம் சேர்த்தேன். குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்தை அளப்பதற்கான புட்டியில் மட்டும் அமிலம் சேர்க்கவில்லை, ஏனெனில் அமிலச் சூழலில் அது மூன்று இணைதிறன் வடிவுக்கு மாறக்கூடும். அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்தேன். (பனிநீரில் மார்க்கர் மை அழிந்துவிடும் என்பதால் சீட்டில் பென்சிலால் எழுதுவதே என் வழக்கம்.)

அடுத்தடுத்து எடுத்த இரட்டை மாதிரிகளின் முடிவுகள் இம்முறை ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன.