பழைய ஜப்பானிய நீல வெள்ளைத் தட்டு: வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்

முகப்பில் இருக்கும் கொக்கையும் பைன் மரத்தையும் அப்புறம் ரசிக்கலாம். காலத்தைச் சொல்வது தட்டின் முதுகு. பகல் வெளிச்சமும் 10 மடங்கு லென்ஸும் போதும்.

அடியில் இருக்கும் எழுத்தை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். சீனாவின் மிங் வம்ச மன்னர் செங்குவா (1465–1487) பெயரை ஜப்பானியக் குயவர்கள் பல தலைமுறை அழகுக்காகவே எழுதினார்கள். கியூஷு தீவின் அரிதாவில் பீங்கான் சுடத் தொடங்கியதே 1610களில்தான். ஆங்கிலத்தில் ‘நிப்பான்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தைய ஏற்றுமதிச் சரக்கு. ‘ஜப்பான்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1921க்குப் பிந்தையது.

அடி வளையத்துக்குள் விரலை ஓட்டுங்கள். பெரிய தட்டுகளில் சில மில்லிமீட்டர் அளவுள்ள சொரசொரப்பான தழும்புகள் தட்டுப்படும். சூளைச் சூட்டில் நடுப்பகுதி தொய்யாமலிருக்க முட்டுக் கொடுத்த களிமண் முனைகளை உடைத்தெடுத்த இடம் அது. சீனத் தட்டில் இது அபூர்வம். சின்னத் தட்டுக்கு முட்டு தேவையில்லை. அதில் தழும்பு இல்லையென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அடுத்து நீலம். இயற்கைக் கோபால்ட் தாதுவின் நீலம் சற்றுச் சாம்பல் கலந்து, ஒரே கோட்டுக்குள் அடர்ந்தும் வெளிறியும் ஓடும். ஊதா சாயலோடு ஒரே சீராகப் பளிச்சென்றிருந்தால் அது மேலைநாட்டுக் கோபால்ட் ஆக்ஸைடு. மெய்ஜி காலத்தில் (1868–1912) பரவியது. லென்ஸில் கோடுகள், கோல அச்சில் விழுந்ததுபோல் விட்டுவிட்டு வந்தால், வெட்டிய தாள் வைத்துத் தேய்த்த வேலை. மயிரிழைக் கோடுகள் ஒரே தடிமனில் வந்து, ஓரிடத்தில் மட்டும் வடிவம் சேரும் இடம் பிசகியிருந்தால் செப்புத்தகட்டு அச்சு. இரண்டும் மட்டமல்ல, ஆனால் கைவேலை விலை கொடுக்காதீர்கள்.

தட்டை விரல் நுனிகளில் ஏந்தி விளிம்பை நகத்தால் சுண்டுங்கள். ‘டொக்’ என்றால் எங்கோ விரிசல். உடைந்ததை ஒட்டிப் பூசி மறைத்த இடம், இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பெரும்பாலும் வேறு நிறமாகத் தெரியும்.

கழுவும்போது பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். ஒட்டுப்போட்டதை ஊறவைத்தால் பழைய பசை இளகிவிடும். விரிசலில் படிந்த கறைக்கு பிளீச்சிங் திரவம் கூடவே கூடாது: உள்ளே தங்கும் உப்பு படிகமாகிப் பளபளப்புப் பூச்சைப் பெயர்த்துவிடும். அடுக்கும்போது இடையில் துணி வையுங்கள். பூச்சில்லாத அடி வளையம் கீழ்த்தட்டைக் கீறும். சுவரில் மாட்டும் ஸ்பிரிங் கம்பி விளிம்பைச் சில்லு தெறிக்க வைக்கும். மரத் தாங்கியே மேல்.