செட்டிநாட்டில் வீடு கட்டுகிறீர்களா? மண்ணும் ஊரணியும் கெடாமல் வேலையை நடத்தும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு தெருவில் வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கிறது. "சுற்றுச்சூழலுக்கு ஏற்ற வீடு" என்று பேச்செடுத்தால் சோலார் பேனல், வெப்பம் தடுக்கும் பெயின்ட் என்று முடிந்த வீட்டைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். வேலை நடக்கும் மாதங்களில் மனைக்குள்ளும் மனையைச் சுற்றியும் என்ன ஆகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். மண், தண்ணீர், இடிபாடு மூன்றையும் முதல் நாளிலிருந்து ஒழுங்காகக் கையாண்டால் போதும்; தனியாகப் பெரிய பணம் எதுவும் தேவையில்லை.

நம் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. ஊரணியும் கண்மாயும்தான் நமக்கு எல்லாம். தெருவில் ஓடும் மழைநீர் வரத்துக்கால் பிடித்து ஊரணியில் போய்ச் சேரும்படி நம் ஊர்களை அமைத்துவைத்திருக்கிறார்கள். காரைக்குடிக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் சம்பை ஊற்றுத் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்கிய மழைதான். ஆகவே உங்கள் வாசலில் கொட்டிய சிமென்ட் கழிவு வாசலோடு நிற்காது. அடுத்த மழையில் அது ஊர்ப் பொதுச்சொத்துக்குள் இறங்கிவிடும்.

படி 1: வேலை தொடங்குமுன் மனையை ஒரு தாளில் வரையுங்கள்

இன்ஜினியர் கொடுக்கும் பிளான் வேறு, இது வேறு. மனையின் எல்லை, தண்ணீர் வாட்டம் எந்தப் பக்கம், கிணறோ போரோ எங்கே, பக்கத்து வரத்துக்கால் எங்கே, என்னென்ன மரங்கள் நிற்கின்றன என்று குறியுங்கள். பிறகு எம்-சாண்ட், ஜல்லி எங்கே இறங்கும், சாந்து எங்கே கலக்கும், சட்டி எங்கே கழுவும், இடிபாடு எங்கே குவியும் என்று நான்கு இடங்களை முடிவு செய்யுங்கள். இவற்றில் எதுவும் வாட்டத்தின் தாழ்ந்த ஓரத்தில் வரக்கூடாது. மேஸ்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தால் இன்னும் நல்லது. அவருக்கும் சேர்த்துத்தான் இந்த ஒழுங்கு.

வேம்போ மாவோ நிற்கிறதா? கிளை பரவிய வட்டம் வரைக்கும் நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டிவிடுங்கள். அந்த வட்டத்துக்குள் ஜல்லி கொட்டுவது, லாரி ஏற்றுவது கூடாது. மண் இறுகினால் வேருக்குக் காற்று போகாது. மரம் உடனே பட்டுப்போகாது. வீடு கட்டி இரண்டு மூன்று வருஷம் கழித்துப் பட்டுப்போகும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையையும் கணக்கில் வையுங்கள். அந்த நேரத்தில் கடைக்கால் தோண்டி மண்ணைத் திறந்துபோட்டால் பாதி மண் தெருவுக்குப் போய்விடும்.

படி 2: மேல்மண்ணைத் தனியாக எடுத்து வையுங்கள்

ஜேசிபி வந்ததும் மேல்மண், அடிமண் எல்லாவற்றையும் ஒன்றாக வாரிப் பேஸ்மென்ட்டுக்குள் தள்ளிவிடுவதுதான் வழக்கம். மேலே இருக்கும் அரை அடி முதல் ஓர் அடி வரையான மண்தான் உயிருள்ள மண். அதை முதலில் வழித்து ஓர் ஓரமாகக் குவியுங்கள். மேலே தென்னங்கீற்று போட்டு மூடுங்கள். வீடு முடிந்ததும் தோட்டத்துக்கு அதுவே போதும். வெளியிலிருந்து வண்டல் வாங்க வேண்டியதில்லை. அதற்குக் கீழே வரும் செம்மண்ணையும் சரளையையும் பேஸ்மென்ட் நிரப்பப் பயன்படுத்துங்கள்.

படி 3: பழைய வீடு இருந்தால், பிரியுங்கள்

செட்டிநாட்டில் கட்டட வேலை பல நேரம் இடிப்பில்தான் தொடங்குகிறது. மனம் பதைக்கிற வேலை அது. செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. செப்பனிட முடிகிற வீட்டைச் செப்பனிடுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். நிற்கிற சுவரை நிற்கவிடுவதை விடச் சிக்கனமான கட்டுமானம் வேறில்லை. வேறு வழியில்லை என்றால், ஜேசிபி கையை உள்ளே விடாமல் ஆள் வைத்துப் பிரியுங்கள்.

மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் நாட்டு ஓடு. ஏறி இறங்கும் ஆட்கள் ஓட்டின் மேல் மிதிக்காமல், கைமாற்றி இறக்க வேண்டும். அடுத்து மரம்: உத்திரம், தூண், நிலை, கதவு, சன்னல். பர்மா தேக்கு என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் தேடி வருவார்கள். விற்பதற்கு முன் உங்கள் புது வீட்டுக்கு எது பொருந்தும் என்று அளந்து பாருங்கள். பழைய நிலையின் அளவுக்குப் புதுச் சுவரில் வாசல் விடுவது எளிது. கட்டிய பிறகு நிலையை அறுத்துப் பொருத்துவது பாவம்.

பிறகு சுவர். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரை ஒரு முறை கிட்ட நின்று பாருங்கள். இரண்டு கல்லுக்கு நடுவே உளியை வைத்து மெல்லத் தட்டினால் சாந்து பொடியாக உதிரும், கல் முழுசாகக் கையில் வரும். அதன் மேல் ஒட்டியிருக்கும் மிச்சச் சாந்தைக் கொத்துக் கரண்டியின் ஓரத்தால் சுரண்டினால் போய்விடும். சுண்ணாம்புச் சாந்து செங்கல்லை விட மென்மையானது என்பதால் விரிசலும் உடைப்பும் சாந்தில்தான் விழும். சிமென்ட் சாந்தில் கட்டிய சுவரில் நேர்மாறு: சாந்து அசையாது, கல்தான் உடையும். ஆகவே பழைய வீட்டுக் கல்லைக் கழிவு என்று நினைக்காதீர்கள். காம்பவுண்ட் சுவர், தோட்டத் திண்ணை, நடைபாதை என்று பாரம் தாங்காத இடங்களுக்கு அது தாராளமாக ஆகும். பாரம் தாங்கும் சுவருக்கு என்றால் இன்ஜினியரைக் கேட்ட பிறகே.

உடைந்த கல்லுக்கும் வேலை இருக்கிறது. முக்கால் அங்குலத்துக்கு உடைத்தால் செங்கல் ஜல்லி. மொட்டைமாடியில் சுண்ணாம்போடு சேர்த்துத் தளம் போட்டு மேலே தட்டோடு (தட்டையான ஓடு) பதிக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு அதுதான் மூலப்பொருள். வெயிலும் கீழே இறங்காது.

பழைய கான்கிரீட் இருந்தால் அதை உடைத்து அடித்தளம் நிரப்பலாம். மறுசுழற்சி ஜல்லிக்கு இந்தியத் தரநிலையே இடம் தருகிறது. 2016-இல் திருத்திய ஐஎஸ் 383, கம்பி இல்லாத சாதாரண கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையிலும், எம்25 என்ற பலத் தரம் வரையான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையிலும் அதை அனுமதிக்கிறது. ஆனால் அது ஆலையில் நொறுக்கிச் சலித்துச் சோதித்த ஜல்லிக்கான கணக்கு. மனையில் சம்மட்டியால் உடைத்ததைத் தூணுக்கும் கூரைக்கும் போட வேண்டாம்.

மிஞ்சும் இடிபாட்டைக் கண்மாய்க் கரையில் கொட்டுவதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய அநியாயம். டிப்பர் ஓட்டுநரிடம் "எங்கே கொட்டுவீங்க அண்ணே?" என்று கேளுங்கள். "அதை நாங்க பாத்துக்குறோம்" என்று பதில் வந்தால் லோடு ஏற்ற விடாதீர்கள். பொது இடத்திலும் வடிகாலிலும் கட்டட இடிபாட்டைக் கொட்டக்கூடாது என்று 2016-இலேயே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. பள்ளம் நிரப்ப வேண்டிய தனியார் மனை பெரும்பாலும் பக்கத்திலேயே கிடைக்கும். இல்லையென்றால் மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் போடுங்கள்.

படி 4: கழுவுகிற தண்ணீருக்கு ஒரு குழி

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

சாயங்காலம் வேலை முடியும் நேரம். சித்தாள் ஹோஸை எடுத்துச் சட்டி, கரணை, மம்பட்டி, கலவை மிஷின் எல்லாவற்றையும் கழுவுகிறார். சாம்பல் நிறத் தண்ணீர் மனையின் ஓரமாக ஓடித் தெருவில் இறங்குகிறது. பார்ப்பதற்குச் சேற்றுத் தண்ணீர் போலத்தான் இருக்கும். ஆனால் அதன் பிஎச் அளவு 12-ஐத் தாண்டும். நல்ல தண்ணீர் 7-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மீனின் செவுளைப் புண்ணாக்கும் காரம் அது. வேலை செய்கிறவர்களின் விரலிடுக்கு வெடிப்பதும் அதனால்தான். கையுறை வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

செய்ய வேண்டியது:

கிணறு, வரத்துக்கால், மரம் மூன்றிலிருந்தும் முடிந்தவரை தள்ளி, 4 அடிக்கு 4 அடி, 2 அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். கெட்டியான பாலிதீன் ஷீட்டை உள்ளே விரித்து, ஓரங்களைச் செங்கல் வைத்து அழுத்துங்கள். குழியைச் சுற்றி அரை அடி உயரத்துக்கு வரப்பு போடுங்கள், மழைநீர் உள்ளே வராமல் இருக்க.

கழுவுமுன் சுரண்ட வேண்டும். சட்டியில் ஒட்டியிருக்கும் சாந்தைக் கரணையால் வழித்து, ஒரு கைப்பிடி உலர்ந்த மணல் போட்டுத் தேய்த்தால் பெரும்பகுதி வந்துவிடும். அதன் பிறகு ஹோஸ் வேண்டாம், குழியின் ஓரத்தில் ஒரு டிரம்மில் தண்ணீர் வைத்து முக்கிக் கழுவச் சொல்லுங்கள். டிரம் கலங்கியதும் குழியில் ஊற்றுங்கள். மறுநாள் காலையில் சாந்து அடியில் படிந்து மேலே தெளிநீர் நிற்கும். அதையே மறுபடி கழுவ எடுத்துக்கொள்ளலாம், செடிக்கு மட்டும் ஊற்றக்கூடாது. அடியில் இறுகிய கட்டியை அவ்வப்போது உடைத்துத் தரைக்கு அடியில் நிரப்பிவிடலாம்.

ரெடிமிக்ஸ் லாரி வந்தால் ஓட்டுநர் லாரியில் கான்கிரீட் இறங்கும் வாய்க்காலைக் கழுவிவிட்டுத்தான் கிளம்புவார். குழியை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். காட்டாவிட்டால் தெருவில்தான் கழுவுவார்.

படி 5: தண்ணீர்க் கணக்கு

நிலத்தொட்டியை, அதாவது சம்ப்பை, முதலில் கட்டிவிடுங்கள். வேலைக்கான தண்ணீர் அதில் நிற்கும்; போர் நாள் முழுக்க ஓடாது.

கான்கிரீட் கலக்கும்போது ஹோஸைத் திறந்துவிட்டுக் குத்துமதிப்பாக ஊற்றுவதை நிறுத்துங்கள். நீர்–சிமென்ட் விகிதம் 0.5 என்றால் 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர். வாளியால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். கூடுதல் தண்ணீர் கான்கிரீட்டின் பலத்தைக் குறைக்கும்; சென்ட்ரிங் (கான்கிரீட் வார்க்கக் கட்டும் தற்காலிகத் தகடு) இடுக்கு வழியே சிமென்ட் பாலாக ஒழுகவும் செய்யும்.

கூரை போட்ட பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம். 1,000 சதுர அடிக்கு ஓர் அங்குலம் நிறுத்த ஏறக்குறைய 2,360 லிட்டர் வேண்டும். சித்திரை வெயிலில் அது எவ்வளவு வேகமாக ஆவியாகும் என்று நமக்குத் தெரியும். மேலே சாக்கைப் பரப்பி நனைத்து, அதன் மேல் பாலிதீன் போட்டு மூடினால் ஈரம் நிற்கும், தண்ணீரும் மிச்சமாகும். தூணுக்குச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் தேவை. நம் ஊர் போன்ற வறண்ட வெயிலுக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 பரிந்துரைப்பது 14 நாள். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று நாளைக் குறைத்துவிடாதீர்கள்.

படி 6: என்ன வாங்குவது?

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சிமென்ட் குறைய வேண்டும், அவ்வளவுதான். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவே வெளியேறுகிறது. எரிபொருள் புகை அதற்கு மேல். சுவருக்கும் பூச்சுக்கும் பிபிசி போதும். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கும்.

செங்கல்லைக் குத்தவைத்து நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் ரேட் டிராப் பாண்ட் முறையைக் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கினார். கல்லில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், நடுவில் இருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். எல்லாக் கொத்தனாருக்கும் கைவராத வேலை. முதலில் ஒரு சின்னச் சுவர் கட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

தரைக்கு ஆத்தங்குடி கல் பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணாடித் தட்டின் மேல் நிறக் கலவை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் சேர்த்துக் கையால் வார்த்துத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். சூளையில் சுடுவதே கிடையாது. வட இந்தியாவிலிருந்து லாரியில் வரும் டைல்ஸை விட இதற்கு ஆகும் எரிபொருள் எவ்வளவோ குறைவு.

சென்ட்ரிங் தகட்டில் பழைய இன்ஜின் ஆயில் தடவ அனுமதிக்காதீர்கள். சொட்டுகிற ஒவ்வொரு துளியும் மண்ணுக்குள் போகிறது. இதற்கென்றே விற்கும் ஷட்டரிங் ஆயிலைத் துணியால் மெல்லிசாகத் தடவினால் போதும்.

படி 7: தூசி, சத்தம், நெருப்பு

எம்-சாண்ட் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தெருப்பக்கம் பச்சை வலை கட்டுங்கள். டைல்ஸும் கிரானைட்டும் அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். அறுப்பவருக்கு நல்ல மாஸ்க் கட்டாயம். இரவு 10 மணிக்குப் பிறகு மிஷின் வேலை வேண்டாம்.

சிமென்ட் சாக்கு, பிவிசி குழாய்த் துண்டு, தெர்மாகோல் எதையும் கொளுத்தக்கூடாது. பிவிசி எரிந்தால் அமில வாயுவும் டயாக்சினும் வரும். மூன்று கோணிகள் கட்டித் தொங்கவிடுங்கள்: ஒன்று கம்பித் துண்டுக்கும் கட்டுக்கம்பிக்கும், ஒன்று பிளாஸ்டிக்குக்கு, ஒன்று காகித அட்டைக்கு. பழைய இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். அந்தக் காசைச் சித்தாள்களே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டால் மனையில் ஒரு துண்டுக் கம்பி கிடக்காது.

வேலையாட்களுக்குக் கழிப்பறை முதல் வாரத்திலேயே வேண்டும். அது இல்லாத மனையில் சுகாதாரத்தைப் பற்றிப் பேசுவதற்கே நமக்கு வாயில்லை, பெண்கள் படும் பாடு தனி.

படி 8: வேலை முடிகிற வாரம்

பெயின்ட் பிரஷ் கழுவிய தண்ணீர் கழுவு குழிக்குத்தான் போக வேண்டும். தின்னர் மட்டும் அதில் சேரக்கூடாது, மூடி போட்ட டப்பாவில் தனியாக வையுங்கள். மிஞ்சிய கல், டைல்ஸ், கால் மூட்டை சிமென்ட் எல்லாவற்றையும் அடுத்த வேலைக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். வரத்துக்காலை ஒரு நூறடி தூரம் நடந்து பார்த்து, விழுந்து கிடக்கும் ஜல்லியை அள்ளுங்கள். இந்தச் சுத்தம் முடிந்த பிறகே கடைசித் தவணை என்று காண்டிராக்டரிடம் ஆரம்பத்திலேயே பேசி எழுதிக்கொள்வது நல்லது.

மழைநீர்க் குழி 2003-இலிருந்தே தமிழ்நாட்டில் கட்டாயம். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஆனால் புது மாடியில் சிமென்ட் தூளும் பெயின்ட் துகளும் படிந்திருக்கும். மாடியைப் பெருக்கி, இரண்டு முறை கழுவி, அந்தத் தண்ணீரைக் கழுவு குழிக்கு விடுங்கள். குழி வற்றியதும் அடியில் இறுகியதை வாரி, பாலிதீனை உருவிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, எடுத்து வைத்த மண்ணால் மூடுங்கள். அதன் பிறகு மாடிக் குழாயை மழைநீர்க் குழியோடு இணையுங்கள்.