வாட்டர்கேட் விசாரணையில் சாம் எர்வினைக் கவனித்துக் கேட்பது எப்படி

அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆட்களுக்கு ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் நடந்த ஊடுருவலில் இருந்த பங்கை ஆராய 1973-ஆம் ஆண்டு செனட் குழு நடத்திய வாட்டர்கேட் விசாரணையின் ஒளிப்பதிவுகளை முதன்முறையாகப் பார்ப்பவர்கள், தலைவர் நாற்காலியில் புருவம் துள்ளத் திக்கித் திக்கிப் பேசும் 76 வயது முதியவரை எளிதில் குறைத்து மதிப்பிட்டுவிடுவார்கள். வட கரோலினாவின் செனட்டர் சாம் எர்வினும் அதைத்தான் விரும்பினார். ஹார்வர்டில் சட்டம் பயின்று, மாநில உச்ச நீதிமன்றத்தில் 1948 முதல் 1954 வரை நீதிபதியாக இருந்த அவர், தம்மை வெறும் நாட்டுப்புற வக்கீல் என்றே சொல்லிக்கொண்டார். ஆகவே பதிவுகளைத் தொடங்குமுன் அவருடைய பின்னணியை ஒருமுறை படித்துக்கொள்வது அவசியம்.

அவரது நகைச்சுவையின் அமைப்பைப் பிடிக்க, 1925-இல் மாநிலச் சட்டமன்றத்தில் பரிணாமக் கொள்கையைப் பள்ளிகளில் கற்பிக்கத் தடை கோரிய மசோதாவை அவர் எதிர்த்த விதம் நல்ல பயிற்சி. மனித இனத்தின் நடத்தைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று அறிந்து குரங்குகள் மகிழும்; மசோதாவால் வேறு பயனில்லை என்றார். மசோதாவால் யாருக்கு நன்மை என்ற சட்டமன்றக் கேள்வியையே அவர் நேர்மையாகக் கேட்டார். விடை மட்டும் சிரிப்பாக அமைந்தது.

அடுத்து, ஜூலை மாத இறுதியில் நிக்சனின் முன்னாள் உதவியாளர் ஜான் எர்லிக்மன் சாட்சியம் அளித்த அமர்வுகளைத் தேர்ந்தெடுங்கள். 245 பக்க அறிக்கையை வெள்ளை மாளிகையின் முன்னாள் சட்ட ஆலோசகர் ஜான் டீன் வாசிக்கும் ஜூன் மாத அமர்விலிருந்து தொடங்கினால் பொறுமை தீர்ந்துவிடும். எர்லிக்மன் அமர்வில், வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பர்க்கின் மனநல மருத்துவருடைய அலுவலகத்தில் வெள்ளை மாளிகையின் ஆட்கள் புகுந்ததற்கு, வெளிநாட்டு உளவு தொடர்பான அதிகாரம் காரணமாகக் காட்டப்படுகிறது. எல்ஸ்பர்க்கின் மனநிலை பற்றி மருத்துவர் வைத்திருந்த கருத்துக்கும் வெளிநாட்டு உளவுக்கும் தொடர்பில்லை என்கிறார் எர்வின். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எர்லிக்மன் தரப்பு கேட்க, தமக்கு ஆங்கிலம் புரியும், அது தம் தாய்மொழி என்ற பொருளில் பதில் வருகிறது. அரங்கம் சிரிக்கும் இந்த இடத்தில் பதிவை நிறுத்தி, பின்னோக்கிச் சென்று, சட்டத்தின் எந்தச் சொற்களை இருவரும் வேறுவேறாகப் படிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் அந்த வாக்கியம் வெறும் கிண்டலாகவே நின்றுவிடும்.

அதிபரின் உதவியாளர்கள் சாட்சி சொல்ல வரத் தேவையில்லை என்ற வாதத்தை, சிறப்புரிமை என்று அழைக்காமல் பிதற்றல் என்று அவர் தள்ளியதையும் இப்படியே ஆராயலாம். வராவிட்டால் கைது செய்யவும் நேரும் என்ற எச்சரிக்கையும் அதோடு சேர்ந்தே வந்தது.

இவரை மாசற்ற வீரராக எழுதத் துணியும் முன், 1956-இல் பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த தீர்ப்பை எதிர்த்த அமெரிக்கத் தென்மாநிலச் செனட்டர்களின் அறிக்கையில் இவர் கையொப்பமிட்டதையும், கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தரும் குடிமை உரிமைச் சட்டங்களை நெடுங்காலம் எதிர்த்ததையும் குறிப்பேட்டில் சேர்த்துவிடுங்கள். அங்கேயும் அவர் அரசியல் சாசனத்தையே எடுத்துக்காட்டினார் என்பதுதான் சங்கடம்.

கடைசியாக, நிக்சனின் தேர்தல் நிதிப் பொறுப்பாளர் மாரிஸ் ஸ்டான்ஸ் விசாரிக்கப்பட்ட ஜூன் அமர்வைப் பாருங்கள். சாட்சியைத் துன்புறுத்துகிறீர்கள் என்று ஃபுளோரிடா செனட்டர் கர்னி ஆட்சேபிக்கிறார். தாம் கிழட்டு நாட்டுப்புற வக்கீல், நயமான முறைகள் தெரியாது, தம் வழியில்தான் செய்ய முடியும் என்கிறார் எர்வின். மற்ற இடங்களில் அவரது சிரிப்பு சட்டத்தைச் சுட்டியது; இங்கே அது ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லாமலே நழுவுகிறது.