பிளஸ் டூ முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

விடுமுறைக்கு மதுரை வரும்போதெல்லாம் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலாவது இதே கதைதான். அப்பா எச்-1பி விசாவில் கலிபோர்னியாவில் இருக்கிறார். அம்மாவும் பிள்ளைகளும் இங்கே, பெரியவன் பிளஸ் டூ எழுதட்டும் என்று. அவனை அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் எண்ணம் இருந்தால், இந்தக் காத்திருப்பு கையைக் கடிக்கும்.

அது அரசுப் பல்கலைக்கழகம்தான். ஆனால் சலுகை மாநிலத்தவருக்கு மட்டும். 2025இல் சேர்ந்தவர்களில் மாநிலத்தவருக்கு ஆண்டுக் கட்டணம் 15,000 டாலரை ஒட்டி. வெளியாருக்கு அதோடு கூடுதலாக 37,602 டாலர். விடுதியும் சாப்பாடும் தனி. மாநிலத்தவர் கணக்கில் வர, வகுப்பு தொடங்குமுன் 366 நாட்களாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். பெற்றோரோடு எச்-4 விசாவில் வரும் பிள்ளைக்கு இந்த வழி திறந்திருக்கிறது. தனியாக எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவனுக்கு இல்லை. வந்த நாளுக்கும் குடியிருந்ததற்கும் சான்று வேண்டும், ஆகவே போர்டிங் பாஸைக் குப்பையில் போடாதீர்கள். வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வரிக் கணக்கு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

சேர்க்கையில் நம் ஊர் கட்-ஆஃப் கணக்கு செல்லாது. எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்க நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் பார்ப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண்களைக் கேட்பார்கள். சராசரி போடுவது பத்து, பதினொன்றை வைத்து. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டுப் பன்னிரண்டுக்குத் தாவும் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நான்கு புள்ளி அளவில் போடும் அந்தச் சராசரி மாநிலத்தவருக்கு 3.0, மற்றவருக்கு 3.4 என்பது வாசலில் கால் வைக்க மட்டுமே. லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை.

என் மகளின் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காக நான் பட்ட பாடு தனிக் கதை. பள்ளியில் அது பெரிய நோட்டு ஒன்றில் மையால் எழுதிக் கிடந்தது. நகல் வாங்க என் மைத்துனர் போனது அழகர் ஆற்றில் இறங்கும் வாரம். அலுவலகத்தில் ஒருவர்கூட இல்லை. மூன்றாவது நடையில் தாள் கிடைத்தது. அதில் மொத்த மதிப்பெண் மட்டும், பாடவாரியாக இல்லை. நாலாவது நடை. விமானம் ஏறுமுன் பாடவாரியாக, முத்திரையோடு, மூன்று பிரதி வாங்கிவிடுங்கள்.

விண்ணப்பத்தை அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை அனுப்பலாம். எச்-4 போன்ற விசாவில் இருப்பவர்களுக்கு வளாகம் ஒன்றுக்கு 95 டாலர். மாணவரைப் பற்றிய எட்டுக் கேள்விகளில் நான்குக்குத் தலா 350 சொற்களுக்குள் பதில். இதில் அப்பாக்கள் பேனாவை எடுக்க வேண்டாம்.

ஓராண்டு கணக்கு முடிந்தவர்களுக்கு இன்னொரு வழி கம்யூனிட்டி காலேஜ் எனும் ஈராண்டுக் கல்லூரி. பாட அளவைக் கணக்கிடும் யூனிட் ஒன்றுக்கு மாநிலத்தவருக்கு 46 டாலர்தான். இரண்டு ஆண்டு படித்துவிட்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். டேவிஸ், இர்வைன் உள்ளிட்ட ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றுபவருக்கு இடத்தை உறுதியாகவே தருகின்றன. ஊரில் சொன்னால் "நல்ல இடம் கிடைக்கவில்லையா, பாவம்" என்பார்கள். சொல்லாதீர்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பிள்ளைக்கு 21 வயது நிறைந்ததும் எச்-4 போய்விடும். இருபதிலேயே வழக்கறிஞரைப் பாருங்கள்.